துவும் டூவும்: தோட்டப் பிள்ளைகளின் நாவும் ரெக்கோடரும்

ஹட்டனில் பஸ் ஏறி முக்கால் மணி நேரம், இறங்கியபின் தேயிலைக்குள் இருபது நிமிட நடை. அங்கே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் கர்நாடக சங்கீதம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், கொழும்பிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பெட்டி நிறைய ரெக்கோடர் அனுப்பிவைத்தார். பாட்டுப் பதிகிற ரெக்கோடர் இல்லை. முன்னால் ஏழு துளை, பின்னால் பெருவிரலுக்கு ஒரு துளை, வாயில் வைக்க ஒரு அலகு என்று இருக்கிற பிளாஸ்டிக் ஊதுகுழல். பட்டணத்தில் மேலைத்தேய சங்கீதம் படிக்கிற பிள்ளைகளின் புத்தகப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்குமே, அது. "சங்கீதம் உங்கட பாடந்தானே, நீங்களே பாருங்கோ" என்று அதிபர் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் வாய்ப்பாட்டுக்காரி. ஊதுகருவி எதையும் தொட்டதில்லை. பெட்டிக்குள் ஒரு ஆங்கிலக் கைந்நூல் கிடந்தது. வெறுமனே ஊதக்கூடாது, ஒவ்வொரு சுரத்தையும் நாவால் தொடங்க வேண்டும், அதற்குப் பிள்ளைக்கு ஓர் அசையைச் சொல்லிக்கொடு என்று அது கேட்டது. அசையை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தது. என் சொந்த ஊர் யாழ்ப்பாணம். எங்கள் பக்கத்தில் ஆசிரியை என்றால் 'ரீச்சர்'. எழுதுவது ரகரமானாலும் வாயில் வருவது ஆங்கிலேயர் சொல்கிற அதே ஒலி, நுனிநா மேல்முரசில் பட்டு எழுவது. அந்த நாவோடு நான் சொல்லிக்கொடுத்தேன். தரம் 3 பிள்ளைகள் பதினொருவரில் பத்துப் பேர் அதைத் தங்கள் காதுக்குப் பட்டபடி வாங்கி 'டூ... டூ...' என்று ஊதினார்கள். மலையகத்தில் நான் ரீச்சர் இல்லை, டீச்சர்.

இந்த ஓர் எழுத்து வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று விளங்க எனக்கு இரண்டு தவணை எடுத்தது. சுரம் ஒவ்வொன்றும் ஒரு சிறு முட்டலோடு, சற்றுப் பிந்தி, தடித்த குரலில் வந்தது. கீழ்ச்சுரங்கள் பாதியில் உடைந்து ஒரு ஸ்தாயி மேலே பாய்ந்தன. "டீச்சர், கீழ ஊதுனா மேல போய் கத்துது" என்றான் ஒருவன். காற்றை அதிகம் தள்ளுகிறான் என்று நினைத்து மெதுவாக ஊதச் சொன்னேன். மெதுவாக ஊதியும் கத்தியது.

ஒரே ஒருத்தியின் குழல் மட்டும் சுத்தமாகப் பேசியது. முன்பல் இரண்டும் விழுந்திருந்த பிள்ளை. நாக்கை என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டுச் சொன்னாள்: "சாயத் தண்ணி குடிக்கிறப்ப நாக்குல தூள் ஒட்டிக்குமே டீச்சர், அத துப்புற மாதிரி." செய்தும் காட்டினாள். துகரம். நாநுனி பரந்து, பல் இருந்த இடத்துக்குப் பின்னால் மெல்லத் தொட்டு விலகியது. பல் இல்லாவிட்டாலும் டகரத்துக்கு நாவை மடிக்க அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் அவள் நான் சொன்னதைக் கேட்காமல் வாய்க்கு வந்ததைச் செய்திருக்கிறாள். நல்ல வேளை.

ரெக்கோடரில் நாவுக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு அதன் உடம்பைப் பார்க்க வேண்டும். புல்லாங்குழலில் உதட்டைக் குவிக்கலாம், திருப்பலாம், காற்றின் கோணத்தை மாற்றலாம். ரெக்கோடரில் அந்த வேலையைக் கருவியே எடுத்துக்கொள்கிறது. அலகுக்குள் ஒரு ஒடுங்கிய காற்றுவழி. அதன் முடிவில் ஒரு சாளரம். சாளரத்தின் எதிர் ஓரத்தில் கத்தி முனைபோல ஒரு விளிம்பு. காற்று அந்த விளிம்பில் மோதிப் பிரிகிறபோது ஒலி பிறக்கிறது. உதட்டுக்கு வேலை இல்லை, அதனால்தான் ஏழு வயதுப் பிள்ளையும் முதல் நாளே சத்தம் எழுப்ப முடிகிறது. அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பலத்து ஊதினால் சுருதி ஏறும், மெலிந்து ஊதினால் இறங்கும். ஆகவே ஒரு சுரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் சத்தத்தைக் கூட்டிச் சொல்ல முடியாது. மிஞ்சியிருப்பவை மூன்று: சுரம் எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி அடங்குகிறது. மூன்றும் நாவின் கையில். பாவம் என்று நாம் சொல்வது இந்தக் கருவியில் பெரும்பாலும் நாவின் நுனியில் இருக்கிறது.

இதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் வெனிஸ் நகரத்து சில்வெஸ்த்ரோ கனாசி. 1535இல் அவர் அச்சிட்ட 'ஃபொன்தெகாரா' ரெக்கோடருக்கென்றே எழுதப்பட்ட நூல். ஓவியன் இயற்கையைப் பார்த்து வரைவதுபோல ஊதுகிறவன் மனிதக் குரலைப் பார்த்து ஊத வேண்டும் என்பது அவர் கட்சி. குரலைப் போலச் செய்வதற்கு அவர் மூன்று சோடி அசைகளைத் தருகிறார். 'தெகெ' கடினமானது, முரடானது. 'லெரெ' மென்மையானது. இரண்டுக்கும் நடுவில் 'தெரெ'. கனாசிக்குப் பின்னால் 1707இல் பிரான்சின் ஒத்தெத்தேர் 'து', 'ரு' என்ற இரண்டு அசைகளை வைத்து ஒரு முறையே கட்டினார். 1752இல் குவான்ட்ஸ் என்ற ஜெர்மானியர் புல்லாங்குழல் பற்றி எழுதிய தடித்த நூலில் இதற்கென்று பக்கம் பக்கமாக ஒதுக்கினார்.

இந்த அசைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்த அன்றுதான் என் மண்டையில் ஏறியது. தெகெ: இரண்டும் வல்லினம். லெரெ: இரண்டும் இடையினம். தெரெ: ஒரு வல்லினம், ஓர் இடையினம். இத்தாலியர் காதால் பிரித்துவைத்த வரிசையும் நாம் அரிச்சுவடியில் பாடம் பண்ணுகிற வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்துகின்றன. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நா எந்த அளவுக்குக் காற்றை அடைக்கிறது என்பதை வைத்துத்தான் இரண்டு பேரும் பிரித்திருக்கிறார்கள்.

மெல்லினம் எங்கே? அது கனாசியிடம் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். 'ந... ந...' என்று ஊதிப் பார்க்கச் சொன்னேன். சுரம் சோம்பலாக, வாடி வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதச் சொன்னேன்; நகரமே வராமல் தகரமாகிவிட்டது. நகரத்துக்குக் காற்று மூக்கால் போகிறது. குழலுக்கு எஞ்சுவது கொஞ்சம்தான். அந்தப் பாடம் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. அதில் இருபது நிமிடம் சிரிப்பு.

பதினெட்டு மெய்யையும் இப்படிச் சலித்துப் பார்க்கலாம். மெல்லினம் ஆறும் மூக்கால் போயிற்று. பகரமும் வகரமும் உதட்டுக்கு உரியவை. உதடு அலகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சகரம் சீறுகிறது. யகரம் காற்றைத் தடுப்பதே இல்லை. ட, ள, ழ மூன்றுக்கும் நா பின்னால் மடிய வேண்டும். மடிந்து திரும்புவதற்குள் சுரம் பிந்திவிடுகிறது. றகரம் மலையகத்தார் வாயில் தனித்து வந்தால் ரகரத்தோடும், இரட்டித்து வந்தால் தகரத்தோடும் சேர்ந்துவிடும்: காற்று அவர்களுக்குக் 'காத்து'. மிஞ்சுவது த, க, ர, ல. கனாசி மூன்று சோடிக்கும் எடுத்துக்கொண்டவை இந்த நான்கு ஒலிகள்தான்.

இந்த நான்கில் தகரம்தான் என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் தகரத்தைப் பல்லில் ஒலிக்கிறார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல் தகரத்துக்குச் சொல்கிற இலக்கணமும் அதுதான்: அண்ணத்தை ஒட்டிய பல்லின் அடியில் நாநுனி பரந்து ஒற்ற வேண்டும். ஆங்கிலேயரின் நா அதற்குச் சற்று மேலே, முரசில் தொடுகிறது. அவர்களுக்கு அது போதும். அந்த அசை ஆங்கிலப் புத்தகம் வழியாக நம்மிடம் வந்தபோது நமது காது அதை டகரமாக எடுத்துக்கொண்டது. நா இன்னும் பின்னால் போய் அண்ணத்தில் முட்டியது. வெனிஸில் பல்லடியில் புறப்பட்ட ஒலி, இங்கிலாந்தில் ஒரு படி பின்வாங்கி, ஹட்டனில் இன்னொரு படி பின்வாங்கியது. வழியில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருத்தி அதைக் கவனிக்காமல் கைமாற்றிவிட்டாள்.

அது ஆங்கிலம் வழியாக வந்ததற்கும் ஒரு கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புல்லாங்குழல் மேலோங்கியதும் ரெக்கோடர் ஐரோப்பாவிலேயே மறக்கப்பட்டுவிட்டது. லண்டனில் பழைய கருவிகளைத் தேடிச் சேர்த்த ஆர்னல்ட் டொல்மெட்சிடமிருந்த பதினெட்டாம் நூற்றாண்டுக் குழல் ஒன்று 1919இல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் தொலைந்துபோனது. தொலைந்ததற்கு ஈடாக அவர் தானே ஒன்று செய்யப் போய், ரெக்கோடரின் மறுபிறப்பு அங்கே தொடங்கியது. 1930களின் நடுவில் எட்கர் ஹன்ட் அதை ஆங்கிலப் பாடசாலைகளுக்குள் கொண்டுபோனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக்கில் வார்க்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. அதன் பிறகு ஆங்கிலக் கல்வி போன இடமெல்லாம் அதுவும் போனது. நமது மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் மேலைத்தேய சங்கீதப் பாடத்திட்டத்திலும் ரெக்கோடருக்கு இடம் இருக்கிறது. தமிழ்மொழி மூலம் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்க ஆள் கிடைப்பது அரிது என்பதால், தோட்டப் பிள்ளைக்கும் அந்தப் பாடத்திட்டத்துக்கும் நடுவில் பெரிய மலையே நிற்கிறது. பிள்ளை படிப்பது சித்திரம், அல்லது நடனம், அல்லது என்னைப்போல ஒருத்தி வந்து சேர்ந்தால் கர்நாடக சங்கீதம்.

எனக்கு இது குறையாகப் படவில்லை. வாய்ப்பாட்டு ஆசிரியரின் கையில் ரெக்கோடர் கிடைப்பது நல்லது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு அசைகளோடுதான் பிழைப்பு. மாத்திரைக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. சுரத்தின் நீளத்தையும் அதன் பின்னால் வரும் மௌனத்தையும் எழுதிக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. 'தா தா தா' என்று ஊதினால் சுரங்கள் தோளோடு தோள் உரசி நடக்கின்றன. 'தத் தத் தத்' என்று ஊதினால் ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் நா திரும்பப் பல்லடிக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த அரை மாத்திரை முழுக்க மௌனம். மௌனம் கூடக்கூட அடுத்த சுரம் அழுத்தமாகக் கேட்கும், காற்றைக் கூட்டாமலே. பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'பாடு' என்று சொல், 'பாட்டு' என்று சொல், நடுவில் நாக்கு எங்கே காத்துக்கொண்டிருந்தது என்று கேட்டால் போதும்.

ஆங்கிலக் கைந்நூல் கடினமான தொடக்கத்துக்கு ஓர் அசையும் மென்மையான தொடக்கத்துக்கு வேறோர் அசையும் தருகிறது. நமக்கு இரண்டு எழுத்து வேண்டாம். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் தகரம் வலிக்கும். இரண்டு உயிருக்கு நடுவே தனித்து நின்றால் தானாக நெகிழும். 'தத்தை'க்கும் 'தாதி'க்கும் உள்ள வேறுபாடு அது. நாலு வயதிலேயே பிள்ளை இந்த விதியைத் தப்பாமல் பேசுகிறது. குழலுக்குள் குரல் இல்லை, மூச்சு மட்டும்தான். ஆனாலும் நா பல்லடியில் எவ்வளவு அழுந்துகிறது என்பது அப்படியே சுரத்தில் கேட்கும். கீழ்ச்சுரத்துக்கு நெகிழ்ந்த தகரம், மேற்சுரத்துக்கு வலித்த தகரம். உயிரும் உதவும்: கீழே 'தொ', நடுவே 'து', மேலே 'தி' என்று வைத்தால் வாயின் உட்பகுதி தானாகவே குறுகும், விரியும். கீழே ஊதினால் மேலே போய்க் கத்திய அந்தப் பையனின் குழல் 'தொ'வில் அடங்கியது.

பிறகு நாங்கள் சொற்களுக்குப் போனோம். அதற்கு முன் ராகம். இடது கையின் பெருவிரலும் மூன்று விரலும் மூடினால் வருகிற ஜி சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், எந்தப் பிள்ளையும் முதல் வாரத்தில் பழகுகிற ஜி, ஏ, பி மூன்றும் ஸ ரி க ஆகின்றன. மேலே டியும் ஈயும் சேர்ந்தால் ப த. மோகனம் கைக்கு வந்துவிட்டது! மேல் ஈக்குப் பெருவிரல் துளையை நகக்கண் அளவு திறக்க வேண்டும், அது சின்ன விரலுக்குக் கஷ்டம். அதனால் பஞ்சமத்தையும் தைவதத்தையும் முதலில் கீழேயே எடுத்துக்கொண்டோம். மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் சுத்த ரிஷபத்துக்குத் தடுமாறியே வருடம் போயிருக்கும்.

'தேயிலை' என்று மூன்று சுரம் ஊதச் சொன்னேன். ஸ ரி க. முதல் சுரத்தை நா தொடங்குகிறது. யகரத்தில் எதுவும் தடைபடவில்லை. லகரத்தில் நாநுனி தொட்டாலும் காற்று பக்கத்தால் வழிகிறது. மூன்று சுரமும் ஒரே மூச்சில் ஒழுகி வந்தன. அடுத்து 'ரொட்டி'. க ரி. ரகரம் தட்டிவிட்டு ஓடுகிறது, பின்னால் டகரம் இரட்டித்து நிற்கிறது. டகரத்தைப் பல்லடிக்கு இறக்கி 'ரொத்தி' ஆக்கினோம். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை; ஒரு வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ரொத்தி தின்றார்கள். ஆனால் அந்த இரண்டு சுரத்திலும் முதலாவது மெலிந்து இரண்டாவதில் சாய்ந்து இறங்குவதை எல்லாரும் கேட்டார்கள். ஒரே ஸ ரி க ரி ஸவை ஒருமுறை தேயிலையாகவும் ஒருமுறை ரொட்டியாகவும் ஊதவைத்தேன். முதலாவது தாலாட்டு, இரண்டாவது ஆட்டம் என்று பின்வரிசையில் இருந்து தீர்ப்பு வந்தது. சுரம் மாறவில்லை, தாளம் மாறவில்லை, சத்தமும் கூடவில்லை.

பேச்சிலிருந்து இசைக்குப் போகிற இந்த வழி புதியது இல்லை. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் குனில்ட் கீட்மனோடு சேர்ந்து 1950 முதல் 1954 வரை வெளியிட்ட சிறுவர் இசை நூலின் ஐந்து பாகங்களில், பிள்ளைகள் தங்கள் பெயர்களையும் பழமொழிகளையும் சொல்லித் தட்டியே தாளத்துக்குள் நுழைகிறார்கள். ரெக்கோடரும் அவர்கள் கருவிகளில் ஒன்று. ஹங்கேரியில் கொடாய், பிள்ளையின் முதல் இசை அதன் சொந்த நாட்டுப்பாடலாகவே இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். மலையகத்துக்கு அந்தச் செல்வத்தை சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்துத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். அதைச் சங்கீத வகுப்பில் திறந்து பார்க்கிற டீச்சர் எத்தனை பேர் என்று கேட்டால் நானும் தலையைக் குனிய வேண்டியதுதான். ரெக்கோடர் வராமல் இருந்தால் நானும் திறந்திருக்க மாட்டேன்.

தாளச் சொற்கட்டுக்கு வந்தால் ரெக்கோடர் உலகம் மொத்தமும் நம்மிடம் பாடம் கேட்கலாம் என்று ஒரு சின்னக் கர்வம் எனக்கு. வேகமான பகுதிகளில் நாநுனி மட்டும் களைத்துவிடும். நுனியும் அடியும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். கனாசி சொன்ன தெகெ அதற்கும் உதவும். மேலைத்தேய மாணவர்கள் பல மாதம் பழகுகிற இந்த வித்தை நமது பிள்ளைகளுக்குத் 'தக தக' என்ற இரண்டு எழுத்து. மூன்று மூன்றாக வருகிற வேகத்துக்குத் 'தகிட', சரியாக நுனி, அடி, நுனி. ஒரே ஒரு திருத்தம், கடைசி டகரத்தைத் தகரமாக்க வேண்டும். 'தகதிமி' மட்டும் உதவாது, மகரத்துக்கு வாய் மூடிவிடும். அதற்குப் பதிலாகத் 'தகதிகி' என்று வைத்துக்கொண்டோம். ஆறு மாதம் தாளம் போட்டுச் சொற்கட்டுச் சொல்லியிருந்த பிள்ளைகள் இதை ஒரே நாளில் குழலுக்கு மாற்றினார்கள். சொல்லிப் பழகாத புதுப் பிள்ளை இரண்டு மாதம் எடுத்தது. இதை ஆராய்ச்சி முடிவு என்று சொல்லமாட்டேன். ஒரு வகுப்பு, பதினொரு பிள்ளைகள், அவ்வளவுதான்.

தப்பு என்ற தோல்வாத்தியமும் அவர்களுக்குத் தெரியும். தோட்டத்தில் காலை ஆளெடுக்கிற பெரட்டுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று காதால் பிரித்தறிந்து வளர்ந்த சமூகம். அடியை மேசையில் தட்டிக் காட்டச் சொன்னால் சில பையன்கள் கண் மின்ன முன்வருவார்கள். சிலர் சாதிப் பேச்சுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சங்கீத டீச்சர் என்ற பெயரோடு சரஸ்வதி படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அந்தப் பயத்தை வகுப்புக்குள் விட்டுவைத்தவர்களில் நானும் ஒருத்தி. தப்பின் அடிகளைக் குழலில் 'த'வும் 'த்'துமாக ஊதத் தொடங்கிய பிறகு கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. முழுக்க இல்லை.

இவ்வளவும் சொன்னபிறகு எதிர்க்கட்சியையும் சொல்ல வேண்டும். ஊதுகுழலில் நாவை நம்புவதா, மூச்சை நம்புவதா என்பது நமது மரபிலும் பழைய வழக்கு. நாதஸ்வரக்காரர்கள் நாவால் வெட்டி ஊதுவதைத் துத்துகாரம் என்பார்கள். பாருங்கள், பெயரிலேயே துகரம் இருக்கிறது. புல்லாங்குழலைக் கச்சேரிக் கருவியாக நிறுத்திய சரப சாஸ்திரியும் அவர் வழியில் வந்த பல்லடம் சஞ்சீவ ராவும் ஊதிய காலத்துக்குப் பின்னால், மாலி என்ற டி. ஆர். மகாலிங்கம் வந்து, குரல்போல இழைந்து வருகிற கமகத்தைக் குழலுக்குள் கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு சுரத்துக்குச் சுரம் நாவால் வெட்டுவது பழைய பாணியாகிவிட்டது. அந்த மரபில் வளர்ந்த என் நண்பர் ஒருவர் என் பிள்ளைகள் ஊதியதைக் கேட்டுவிட்டு, "தந்தி அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நாவைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் மூச்சை மறந்திருந்தேன். நா கதவு மாதிரி. கதவு திறக்கும்போது பின்னால் காற்று நிற்காவிட்டால் எத்தனை து சொல்லியும் பயனில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பும் நாவே இல்லாமல், ஒரே சுரத்தை எட்டு எண்ணும்வரை நீட்டி ஊதுவதில் தொடங்கியது. ஒரு கடதாசித் துண்டைச் சுவரில் வைத்து, ஊதியே அது விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் போட்டியில் முன்பல் இல்லாதவள் கடைசி.

குளிரைப் பற்றி எந்தக் கைந்நூலிலும் எங்கள் அளவுக்கு எழுதியிருக்காது. எங்கள் மலைகளில் நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுருதி இறங்குவதற்கு உயரம்தான் காரணம் என்று ஒரு சக ஆசிரியர் அடித்துச் சொன்னார். உயரத்துக்கும் சுருதிக்கும் சம்பந்தம் இல்லை, வெப்பத்துக்குத்தான் சம்பந்தம். 25 பாகை செல்சியஸில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 346 மீற்றர் போகும். 12 பாகையில் 338. குழலுக்குள் இருக்கும் காற்று முழுக்க அந்த அளவு குளிர்ந்திருந்தால் சுருதி ஓர் அரைச்சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இறங்கும். ஊத ஊத மூச்சின் சூட்டில் மெல்ல ஏறும், ஆனால் பதினொரு குழலும் பதினொரு வேகத்தில் ஏறும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். சூடான மூச்சு குளிர்ந்த காற்றுவழியில் பட்டதும் துளி துளியாகப் படிகிறது. படிந்தால் நாவு எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும் சுரம் கரகரக்கும். தை மாதக் காலைகளில் பிள்ளை எதையோ பிழையாக ஊதுகிறது என்று நான் திட்டியதில் பாதி, தண்ணீரின் குற்றம். மருந்து எளிது: காலைக் கூட்டம் முடியும்வரை குழலின் தலையை ஸ்வெட்டருக்குள், கக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் சாளரத்தை விரலால் மெல்ல மூடி ஒரு பலத்த ஊது. விளிம்பில் நகம் படக்கூடாது.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவானது, 2024இல் அடிப்படை 1,350. பெயர்பெற்ற கம்பனியின் ரெக்கோடர் ஒன்று ஒரு நாட்சம்பளத்தில் அடங்காது. மலிவானவை கிடைக்கும். ஆனால் எங்கள் பெட்டியில் இருந்தவற்றில் இரண்டு வகை கலந்திருந்தன: ஒன்று ஜெர்மன் விரல்முறை, மற்றது பரோக் விரல்முறை. முன்பக்கம் நாலாம் துளை பெரிதாகவும் ஐந்தாம் துளை சிறிதாகவும் இருந்தால் அது ஜெர்மன். எஃப் சுரம் வரும்வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது; வந்த அன்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். மோகனத்தில் எஃப் இல்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

கடைசித் தவணையில் ஒருநாள், முன்பல் முளைத்துவிட்ட அந்தப் பிள்ளை கேட்டாள், ழகரத்தை ஊதலாமா என்று. அவர்கள் பேச்சில் கொழுந்து 'கொளுந்து'தான். ழகரம் தமிழ்ப் புத்தகத்துக்கு மட்டும். அவள் அதைத் தமிழ் டீச்சரிடம் புதிதாகக் கற்றிருந்தாள். மடிநா, பிந்தும், சரிவராது என்று நான் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேனே. ஊதிப் பார் என்றேன். கீழ்த் தைவதத்திலிருந்து ஸவுக்கு, நடுவில் ழகரம். நா எதையும் தொடவில்லை, சுரம் அறவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிறம் மட்டும் ஒரு கணம் மங்கித் தெளிந்தது. பக்கத்தில் இருந்தவன் அதைச் செய்யப் போய்க் குழலுக்குள் எச்சில் விட்டான். அவள் திரும்ப ஒருமுறை ஊதினாள், மெதுவாக. பிறகு மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். மணி அடிக்கும்வரை நிறுத்தவில்லை.